ஆட்டத்துணைக்காரர் கரைக்குப் போன நாள்

நார்மன் ஹிண்டிலுக்குக் கப்பலில் ஒரே ஒரு வேலைதான். தனியாகப் பயணம் வந்திருக்கும் பெண்களோடு ஆட வேண்டும். சாயங்காலம் ஆட்டக்கூடத்தில் வாத்தியம் தொடங்கியதும், சுவரோரம் வரிசையாகப் போட்டிருக்கும் நாற்காலிகளில் முதல் நாற்காலிக்குப் போய், லேசாகக் குனிந்து, கையை நீட்ட வேண்டும். ஒரு பாட்டு ஆட வேண்டும். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாளை அதே நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்து, "ரொம்ப நன்றிங்க, பிரமாதமா ஆடினீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர வேண்டும். அங்கே இருப்பவர் காலை மிதிப்பவரா, தோளை உடும்புப்பிடியாகப் பிடிப்பவரா, மருமகளைத் திட்டிக்கொண்டே ஆடுபவரா என்றெல்லாம் பார்க்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரு பாட்டு. யாருக்கும் இரண்டு கிடையாது.

இதற்குப் பதிலாகக் கப்பலில் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைக்கும். இடம் என்றால், குறட்டைவிடும் இன்னொரு ஆட்டத்துணைக்காரரோடு ஜன்னலில்லாத ஓர் அறை. நார்மனுக்கு அதுவே சொர்க்கமாக இருந்தது. இங்கிலாந்துக் கடலோர ஊரான மோர்கம்பில் அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது. மனைவி மரியன் இறந்துபோனபிறகு அந்த வீட்டில் கெட்டில் கொதிக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்தவர். மரியனோடு சனிக்கிழமை சனிக்கிழமை ஆடப் பழகியது மட்டும்தான் கையிலிருந்த இன்னொரு வித்தை. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குளிர்காலமும் கப்பலேறிவிடுவார்.

ஆனால் கப்பல்காரர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார்கள். ஆட்டத்துணைக்காரர் யாராவது ஒருத்தி பக்கம் சாய்ந்துவிட்டார் என்று தெரிந்தால், அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள். அப்புறம் எந்தக் கப்பலும் அவரை ஏற்றாது. கரையிலும் ஒரு பயணிப் பெண்ணோடு தனியாகச் சுற்றக் கூடாது. நாலு பேர் கூட்டமாகப் போனால் போகலாம்.

அப்படிப்பட்ட மனுஷர் கிளெனிஸ் புரோசரிடம் போய் மாட்டிக்கொண்டார்.

கிளெனிஸ் வேல்ஸ்காரி. எழுபதைத் தாண்டியவள், விதவை, மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றவள். கப்பல் சவுத்தாம்டன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய அந்த வாரமே, முதல் வால்ட்ஸ் ஆட்டத்திலேயே, அவரை இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"மிஸஸ் புரோசர், கோவிச்சுக்காதீங்க, இதுல ஆம்பிளைதான் வழிகாட்டணும்" என்றார் நார்மன்.

"காட்டுங்களேன், யார் வேண்டாம்னது? ஆயுசு பூரா பொம்பளைங்களை 'முக்கு, முக்கு'ன்னு அதட்டினவ நான். அதிகாரம் பண்ணாம எனக்கு ஒரு வேலையும் ஓடாது."

நார்மன் சிரித்ததில் தாளம் தப்பியது. மரியன் போனபிறகு ஆட்டத்துக்கு நடுவில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் கிளெனிஸின் நாற்காலி எப்போது வரும் என்று அவர் காத்திருக்க ஆரம்பித்தார். ஆடும்போது அவள் தொண்டைக்குள்ளேயே பாட்டை முனகுவாள். அந்த முனகல் அவர் தோள்பட்டையில் படும். ஒரு பாட்டுத்தான். அதற்குள் அன்றைக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் அவருடைய அம்மா சுட்ட ரொட்டியைப் பற்றி, ஒரு நாள் அவள் தூக்கி வெளியே எடுத்த இரட்டைக் குழந்தைகளைப் பற்றி. மீதியை நாளைக்கு என்று விட்டுவிட்டு அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போவார். முகம் மட்டும் கொஞ்ச நேரத்துக்கு அவள் பக்கமே இருக்கும்.

இப்போது அந்த 'நாளைக்கு'க்கும் முடிவு வந்துவிட்டது. கப்பல் அடுத்த நாள் காலையில் அர்ஜென்டினாவின் போனஸ் ஐரெஸ் போய்ச் சேரும். கிளெனிஸ் அங்கே இறங்கிவிடுவாள். தெற்கே படகோனியாவில் வேல்ஸ்காரர்கள் எப்போதோ குடியேறிய ஒரு ஊரில் அவள் அக்கா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அங்கே போய்க் கொஞ்ச காலம் இருப்பதாகத் திட்டம். கப்பல் நார்மனைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்குத் திரும்பிவிடும். ஆக, உருகுவே நாட்டில் புந்தா தெல் எஸ்தே என்ற ஊரில் கரையிறங்கும் இந்த ஒரு பகல்தான் மிச்சம். அவளை விட்டுப் பிரிய மனசில்லை என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

அந்த ஊரில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, சின்னப் படகுகளில் ஆட்களை அனுப்புவார்கள். படகில் நார்மனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் டாஃப்னி காரிக் அம்மாள். எதிர்ப்பலகையில் கிளெனிஸும், காது சரியாகக் கேட்காத இன்னொரு பயணி ஐரீனும் இருந்தார்கள். டாஃப்னி அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தையே ஆட்டிப்படைத்த தலைமையாசிரியை. ஓய்வு பெற்றும் கண்காணிப்பை விடவில்லை. யாருக்கு எத்தனை பாட்டு கிடைத்தது என்று அவருக்கு விரல்நுனியில் இருக்கும். வேறொரு கப்பலில், ஒரு விதவைக்கு மூன்று பாட்டு கொடுத்த ஆட்டத்துணைக்காரரைக் காட்டிக்கொடுத்து லிஸ்பனில் இறக்கவைத்தவர் இவர்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததும் கிடையாது.

"நேத்து ராத்திரி எனக்குப் பாதிப் பாட்டுத்தான் கிடைச்சுது, மிஸ்டர் ஹிண்டில்" என்றார் டாஃப்னி அம்மாள். "வாத்தியக்காரன் சட்டுனு நிறுத்திட்டான்."

"இன்னிக்கு ஈடுகட்டிடறேன், மிஸஸ் காரிக்."

"ஈடெல்லாம் வேண்டாம். நியாயமா இருந்தாப் போதும். பாரபட்சம்னு வந்துட்டா, நான் பாட்டுக்குப் போய் கீராகிட்ட சொல்லிடுவேன். எனக்கு யாரும் வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது."

கீரா என்பவள் கப்பலில் ஆட்டத்துணைக்காரர்களை மேய்க்கும் பெண். நார்மனுக்குப் பேத்தி வயசு. அவளைப் பார்த்தால் நார்மன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி சட்டையை உள்ளே செருகிக்கொள்வார்.

எதிரில் கிளெனிஸ் கடலைப் பார்த்துக்கொண்டு உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள். மடியில் ஒரு துணிப்பை. ஆடுகிற செருப்பின் குதி அதிலிருந்து வெளியே எட்டிப் பார்த்தது. அதை நார்மன் பார்த்துவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை.

மார்ச் மாதம். அங்கே கோடை முடிந்து, விடுமுறைக்கு வந்த பணக்காரக் கூட்டமெல்லாம் ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தது. கடலோரச் சாலையில் கூட்டமில்லை. எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் கக்கத்தில் வெந்நீர்க் குடுவையை இடுக்கிக்கொண்டு, மாத்தே கஷாயத்தை உறிஞ்சியபடி நடந்துபோனார்கள். மீன்கடைப் பலகைகளுக்குக் கீழே ஒரு கடல்சிங்கம் படுத்திருந்தது. மீன்காரன் குடலை எறிவதற்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. டாஃப்னி அம்மாள் அதை நெருங்கிப் போய் "எழுந்து நகரு" என்று சொன்னார். அது ஒரு கொட்டாவி விட்டது. அந்த நாற்றத்தில் அம்மாள் நாலடி பின்வாங்கி நார்மன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்குப் பல்லு விளக்கச் சொல்லித் தர ஆளில்லையா?" என்றார்.

"தலைமையாசிரியை இல்லாத ஊர் போல இருக்கு" என்றாள் கிளெனிஸ்.

அந்த ஊருக்கு இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கத்தில் அலை ஆளை அடித்துப் போடும். மறுபக்கத்தில் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடக்கும். அமைதியான பக்கத்தில், சாய்வு நாற்காலிகளுக்கு மேலே குடை விரித்து வைத்திருந்த இடத்தில் நாலு பேரும் இறங்கினார்கள். சாப்பாடு வந்தது. ரொட்டிக்குள் இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி, இன்னும் என்னென்னவோ அடுக்கி, ஒரு கையால் பிடிக்க முடியாத உயரத்துக்கு இருந்தது. கூடவே உள்ளூர்த் திராட்சை மது. டாஃப்னி அம்மாள் ரொட்டியைக் கத்தியால் நாலாக வெட்டி ஒழுங்குபடுத்திச் சாப்பிட்டார். மதுவில் மட்டும் ஒழுங்கு பார்க்கவில்லை.

வெயில் இதமாக இருந்தது. அலை வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. ஐரீன் முதலில் கண்ணயர்ந்தாள். நார்மன் மணலைப் பார்த்துக்கொண்டு, இப்போது சொல்லலாமா, எப்படிச் சொல்லலாம் என்று மனசுக்குள் வாக்கியத்தைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார். டாஃப்னி அம்மாள் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கும் வரை எந்த வாக்கியமும் உருப்படாது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணும் மூடிக்கொண்டது. தொப்பி மூக்கின் மேல் சரிந்தது.

கிளெனிஸ் எழுந்து மணலைத் தட்டினாள்.

"படகுத்துறைக்குப் பக்கத்துல ஒரு மன்றம் இருக்காம். ரிட்டயர் ஆனவங்க நடத்தறது. மத்தியானத்துல ஆடுவாங்களாம். மீன்கடைக்கார பொம்பளை கையால ஆடிக் காட்டினா, நான் புரிஞ்சுக்கிட்டேன். வர்றீங்களா?"

"நாம ரெண்டு பேருமா?"

"ஏன், கடல்சிங்கத்தையும் கூட்டிட்டு வரலாம்னு பார்க்கறீங்களா?"

நார்மன் தூங்கும் டாஃப்னி அம்மாளைப் பார்த்தார். "வர்றேன்" என்றார். காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, மணலில் சத்தம் வராமல் நடந்தார். திருட்டுத்தனமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இந்த வயசில் இது தேவையா என்று ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே நடந்தார்.

மன்றம் என்பது ஒரு நீளமான கூடம். ஜன்னல்களில் கடல் தெரிந்தது. நாற்காலிகள் நாலு சுவரோரமும் கிடந்தன. எல்லாரும் இவர்கள் வயசுக்காரர்கள்தான். வாசலில் நேலிதா என்று ஒரு பெண்மணி, கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்க, வருகிறவர்களை எல்லாம் கன்னத்தில் முத்தமிட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவளாம்.

"கப்பல்லேர்ந்தா? வாங்க வாங்க. ஆடத் தெரியுமா, இல்ல போட்டோ எடுக்க வந்தீங்களா?"

"ஆடத்தான் வந்தோம்" என்றாள் கிளெனிஸ், செருப்பை மாற்றிக்கொண்டே.

உள்ளே அவர்கள் டாங்கோ ஆடியதைப் பார்த்ததும் நார்மனுக்குக் கொஞ்சம் கலக்கம் வந்தது. இவருக்குத் தெரிந்த டாங்கோவில் தலையை வெடுக்கென்று திருப்ப வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும். இங்கே அப்படியெல்லாம் இல்லை. நெஞ்சோடு நெஞ்சு சாய்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நடந்தார்கள். அவ்வளவுதான். அதற்கே மூச்சுமுட்டும் போலிருந்தது. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. எல்லாரும் நாற்காலிக்குத் திரும்பினார்கள். மறுபடி வாத்தியம் தொடங்கியபோது தாளம் மாறியிருந்தது. வால்ட்ஸ். நார்மன் முகம் மலர்ந்தது.

"இது நம்ம சரக்கு" என்றார்.

"அப்ப என்ன யோசனை?"

ஆடினார்கள். தன் இஷ்டத்துக்கு இந்தத் தடவை கிளெனிஸ் அவரை இழுக்கவில்லை. அவர் போன பக்கம் வந்தாள். சுவரோரம் கணக்குப் பார்க்கும் கண் ஒன்றும் இல்லை. கீரா இல்லை. யாருடைய பாதிப் பாட்டும் இல்லை. ஜன்னலும் கடலும் சுற்றிச் சுற்றி வந்தன. அவள் தொண்டைக்குள் முனகினாள். தெரியாத பாட்டுக்கு எப்படி முனகுகிறாள் என்று அவர் ஆச்சரியப்பட்டார். அவருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சொல்லிவிடலாம், இதோ பாட்டு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

பாட்டு முடிந்தது.

அந்த நேரத்தில் அவர் மூளை எங்கே போயிருந்தது என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது, அதனால் வேலையைக் கால்கள் எடுத்துக்கொண்டன. கால்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கிளெனிஸின் கையைத் தன் முழங்கையில் கோத்து, அவளைச் சுவரோர நாற்காலிக்குக் கொண்டுபோய், உட்காரவைத்து, "ரொம்ப நன்றிங்க, பிரமாதமா ஆடினீங்க" என்றார். என்றுவிட்டு, பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தார். அங்கே பச்சைக் கவுன் போட்ட ஒரு பருத்த அம்மாள் விசிறிக்கொண்டிருந்தார். நார்மன் அவர் முன்னால் லேசாகக் குனிந்து, கையை நீட்டினார்.

பச்சைக் கவுன் அம்மாள் விசிறியை நிறுத்தினார். கிளெனிஸைப் பார்த்தார். நார்மனைப் பார்த்தார். "ச்ச்" என்று நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூடம் சட்டென்று அடங்கிவிட்டிருந்தது. நார்மன் நிமிர்ந்து பார்த்தார். மற்ற ஜோடிகள் யாரும் தளத்தை விட்டு வரவில்லை. அடுத்த பாட்டுக்காக அங்கேயே கைகோத்து நின்றபடி எல்லாரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேலிதா விறுவிறுவென்று வந்தாள்.

"ஏங்க, அந்தம்மா உங்களை அப்படி என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. ஏன்?"

"அப்புறம் எதுக்கு நடுவுல கொண்டுவந்து தள்ளினீங்க?"

"நடுவுலயா? பாட்டு முடிஞ்சிருச்சே!"

"ஒரு பாட்டுத்தானே முடிஞ்சுது? இங்க வால்ட்ஸ்னா மூணு பாட்டு ஒரு கட்டு. கட்டு முடியற வரைக்கும் கையை விடக் கூடாது. நடுவுல விட்டா, 'உன்கூட முடியாது, நீ வேண்டாம்'னு ஊரறியச் சொன்ன மாதிரி. இந்த ஊர்ல புருஷனை விட்டு ஓடிப்போறவகூட கட்டை முடிச்சுட்டுத்தான் ஓடுவா. நீங்க என்னடான்னா, விட்டுட்டு, அடுத்த நிமிஷம் பக்கத்துச் சீட்டுக்கே கையை நீட்டறீங்க!"

நார்மனுக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்பிப் பார்த்தார். கிளெனிஸின் நாற்காலி காலியாக இருந்தது. ஆடுகிற செருப்பைக் கழற்றிப் பையில்கூடப் போடாமல், கையில் பிடித்தபடி அவள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். வழியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் அவளுக்காக எழுந்து நின்றார்.

"போங்க ஐயா, நின்னு முழிச்சுக்கிட்டு!" என்று நேலிதா அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

சாலையில் ஓடினார். ஓட்டம் என்று அதைச் சொல்வது தாராளம். முழங்கால் ஒத்துழைத்த அளவுக்கு நடந்தார். படகுத்துறையில் வரிசை நின்றிருந்தது. கடைசிப் படகுகளுக்கான கூட்டம். கப்பல்காரர்கள் பந்தல் போட்டு, குளிர்ந்த ஈரத்துண்டும் எலுமிச்சைத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்கு அடியில் கீரா, காதில் செருகிய வயர்லெஸ்ஸோடு. வரிசையின் வாலில் கிளெனிஸ். அவளுக்கு நாலு ஆள் முன்னால் டாஃப்னி அம்மாள், பாதி முகம் வெயிலில் சிவந்து, பாதி தொப்பி நிழலில் வெளுத்து. நார்மனைப் பார்த்ததும் அந்த முகம் இரண்டு பாதியிலும் கடுகடுத்தது.

"எங்களை மணல்ல விட்டுட்டு எங்க போயிட்டீங்க, மிஸ்டர் ஹிண்டில்?"

நார்மன் அவருக்குப் பதில் சொல்லவில்லை. கப்பலேறிய நாளிலிருந்து அவர் ஒரு பெண்மணிக்குப் பதில் சொல்லாமல் போனது அதுதான் முதல் முறை. நேராகக் கிளெனிஸிடம் போனார்.

"கிளெனிஸ், நான் வேணும்னு பண்ணலை."

"தெரியும்." அவள் குரல் அமைதியாக இருந்தது. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது. "உங்க வேலையைச் செஞ்சீங்க. நல்லாச் செஞ்சீங்க. நன்றிகூடச் சொன்னீங்களே."

"கால் பழக்கம், வேற ஒண்ணுமில்ல. மனசு அங்க இல்ல…"

"அதைத்தான் நானும் சொல்றேன். கப்பல்ல நீங்க அடுத்த சீட்டுக்குப் போறப்ப நான் ஒரு நாளும் தப்பா நினைச்சதில்ல. அங்க சட்டம் இருக்கு. இங்க என்ன இருந்துச்சு? யாரும் பார்க்கலை, யாரும் கேக்கலை. அப்பவும் உங்களுக்கு அடுத்த சீட்டு ஞாபகம் வந்துச்சு. அந்த பக்கத்து அம்மா என் தோளைத் தட்டிக்கொடுத்தாங்க, நார்மன். பாவம்னு. எந்த பாஷையா இருந்தா என்ன, அது புரியும்." அவள் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. "போகட்டும். நாளைக்கு நான் இறங்கிடுவேன். நல்ல மனுஷர் நீங்க. வரிசைல எல்லாரும் பார்க்கறாங்க, தள்ளி நில்லுங்க. உங்களுக்குத்தான் வம்பு."

அவள் சொன்னது நியாயம். எல்லாரும் பார்த்தார்கள். டாஃப்னி அம்மாள் உடம்பை முழுதாகத் திருப்பிக்கொண்டு பார்த்தார். பந்தலிலிருந்து கீராவும் தலையைத் தூக்கினாள். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் கப்பல் போய்விடும், அறை போய்விடும், இனி வரும் குளிர்காலமெல்லாம் மோர்கம்பின் கெட்டில் சத்தம்தான் என்பது நார்மனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் தள்ளி நிற்கவில்லை.

"எனக்கு உன்னை விட்டுப் பிரிய முடியலை, கிளெனிஸ்" என்றார். "அதைச் சொல்லத்தான் காலைலேர்ந்து உன் பின்னாலேயே சுத்தறேன். பாட்டு முடிஞ்சதும் சொல்லிடணும்னு இருந்தேன். சொல்றதுக்குப் பதிலா உன்னைக் கொண்டுபோய் உக்கார வச்சுட்டேன். நான் ஒரு முட்டாள். ஆனா அந்தக் கட்டுல இன்னும் ரெண்டு பாட்டு பாக்கி இருக்கு. ஆடறியா?"

"இங்கயா?"

"இங்கதான்."

"பாட்டு எங்க?"

"நீதான் எப்பவும் முனகுவியே."

கிளெனிஸ் கையிலிருந்த செருப்புகளை வரிசையில் முன்னால் நின்ற ஐரீனிடம் நீட்டினாள். ஐரீன் என்ன ஏது என்று புரியாமல் வாங்கிக்கொண்டாள்.

அவள் வெறுங்காலோடும், அவர் மணல் ஒட்டிய காலணியோடும், படகுத்துறைப் பலகையில் வால்ட்ஸ் ஆடினார்கள். கிளெனிஸ் முனகினாள், முதலில் மூக்கடைத்த குரலில், பிறகு சரியாக. வரிசை அவர்களைச் சுற்றி வளைந்து நகர்ந்தது. படகு ஒன்று வந்து, நிரம்பி, போயிற்று. பலகைகளுக்கு நடுவில் இடைவெளி இருந்ததால் பெரிதாகச் சுழல முடியவில்லை. இருந்த இடத்திலேயே சுற்றினார்கள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நார்மனுக்குத் தெரியவில்லை. பாட்டை அவள் ஒரு நீண்ட முனகலோடு முடித்தாள். நார்மன் கையை விடவில்லை.

பக்கத்தில் யாரோ செருமினார்கள். டாஃப்னி அம்மாள். வரிசையில் தன் இடத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். எந்த வரிசையிலும் இடத்தை விட்டு அறியாத பெண்மணி அவர். நார்மனுக்கு வருவது வரட்டும் என்று ஆகிவிட்டது.

ஆனால் அம்மாளின் மூக்கு நுனி சிவந்து, உதடு ஒரு மாதிரி கோணிக்கொண்டிருந்தது. கைக்குட்டையைத் தேடியவர், அது கிடைக்காமல் கப்பல்காரர்கள் கொடுத்த ஈரத்துண்டால் கண்ணை ஒற்றினார். இத்தனை வருஷம் எத்தனையோ பாட்டுகளை எண்ணியவர், தனக்காக ஒருத்தரும் வரிசையை மறித்து நின்றதில்லை என்று நினைத்தாரோ என்னவோ. அன்றைக்கென்று பார்த்து அவருக்கு மனசு இளகிவிட்டது.

"பயப்படாதீங்க, மிஸ்டர் ஹிண்டில்" என்று கிசுகிசுத்தார். "நீங்க ஆடறப்ப கீரா அந்தப் பக்கம் திரும்பியிருந்தா. நானும் ஒண்ணும் பார்க்கலை. உசிரே போனாலும் என் வாயிலேர்ந்து வராது. சத்தியம்."

"ஐயையோ!" என்றார் நார்மன். "அப்படியெல்லாம் சத்தியம் பண்ணாதீங்க, மிஸஸ் காரிக்! பாருங்க. நல்லாப் பாருங்க. பார்த்துட்டு உடனே போய் கீராகிட்ட சொல்லுங்க."

"என்ன பேசறீங்க? அடுத்த துறைமுகத்துல உங்களை இறக்கி விட்டுருவாங்களே!"

"அதுக்காகத்தான் கேக்கறேன். நாளைக்குக் காலைல அடுத்த துறைமுகம். நாளன்னிக்குச் சொன்னா ஒரு பிரயோஜனமும் இல்ல."

டாஃப்னி அம்மாள் ஈரத்துண்டைக் கண்ணிலிருந்து எடுத்தார். கிளெனிஸைப் பார்த்தார். நார்மனும் பார்த்தார். இவ்வளவையும் கப்பலைப் பணயம் வைத்துச் சொல்லியாயிற்று. அவள் வேண்டாமென்றால், போனஸ் ஐரெஸ் தெருவில் ஒரு பெட்டியோடு தனியாக நிற்க வேண்டியதுதான்.

கிளெனிஸ் அவர் தோளில் கையைச் சரியாக வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இரு, டாஃப்னி" என்றாள். "மூணாவது பாட்டையும் ஆடிடறோம். அதையும் சேர்த்துச் சொல்லு."